வெளிச்சத்துக்காகக் கட்டிய கிளை

"…நெழலுக்குத்தானுங்க குருவி முள்ளுக்குள்ள கூடு கட்டுது! கெளையப் போயி வெலக்கிக் கட்டிப்போட்டு எங்க போயிட்டீங்க?" என்றார் ஆடு மேய்க்கும் சரசக்கா.

பனியன் கம்பெனி டெய்லரான நான் புதுக் கேமராவோடு சேவூர்ப் பக்கம் பறவைகளைப் படமெடுக்கப் போன முதல் ஞாயிறு அது. நல்ல சித்திரை வெயில். வேலியில் கொண்டைக்குருவிக் கூடு, உள்ளே மூன்று குஞ்சுகள். வெளிச்சம் விழட்டுமே என்று மறைத்த கிளையைப் பனியன் வேஸ்ட் துணியால் இழுத்துக் கட்டினேன். ஒரு பிலிம் ரோல் முழுக்க எடுத்த சந்தோஷத்தில் அவிழ்க்க மறந்துவிட்டேன். சாப்பிட்டு, இன்னொரு ரோல் வாங்கி வந்து பார்த்தால் மூன்றும் வெந்து கிடந்தன.

இப்போதெல்லாம் கூட்டருகே ஓர் இலையைக்கூடத் தொடுவதில்லை. படம் இருட்டாக வந்தால் வரட்டும்.

அன்று, "தெரியாமச் செஞ்சுட்டனுங்க அக்கா" என்றேன். அவர் ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இனி அசையாதுங்க, நல்லா எடுங்க" என்று சொல்லி, நான் எடுத்து முடிக்கும்வரை நகராமல் நின்றார்.