‘போட்டோ ஒன்று’ என்ற பெயரில் இருந்தவர்

நான் வேலை பார்த்த டிடிபி கடை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்வோம். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் எங்களுக்குத் தெரியும், அப்புறம்தான் சொந்தக்காரர்களுக்கு. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மனசு வைத்தால் வேலை செய்யும் ஒரு லேசர் பிரிண்டர். எனக்கு ஒரு ஸ்டூல். முதுகு சாயும் நாற்காலி முதலாளிக்கு.

பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் சாப்ட்வேரில் ஒரு படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும்போதெல்லாம் அது ஒரு கேள்வி கேட்கும். படம் பெரிசாக இருக்கிறதே, முழுசையும் இந்த ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று. ஆமாம் என்று சொன்னால் படம் ஃபைலோடு ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்றால், படம் எந்த ஃபோல்டரில் என்ன பெயரில் கிடக்கிறது என்று விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். திரையில் நாம் பார்ப்பதற்காக மங்கலாக ஒரு சின்ன நகலை வைத்துக்கொள்ளும். ஃபைலைத் திறக்கும்போதும் அச்சடிக்கும்போதும் அந்த விலாசத்துக்குப் போய் நிஜப் படத்தை எடுத்துக்கொண்டு வரும்.

எங்கள் முதலாளிக்கு ‘ஆமாம்’ என்பதே ஆகாது. "படத்த உள்ள வெச்சன்னா ஃபைலு ஊதிக்கும்மா. டிஸ்கு தாங்காது. வேணான்னு குடு" என்பார். சரி, டிஸ்க் சின்னது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேன் செய்கிறவரும் அவர்தான். எந்தப் போட்டோ வந்தாலும் அவர் வைக்கிற பெயர் ‘போட்டோ ஒன்று’. வேலை முடிந்ததும் அதே பெயரில் அடுத்த ஆளின் போட்டோவை ஸ்கேன் செய்வார், பழைய ஆள் அழிந்துபோவார். ஆளுக்கொரு பெயர் வையுங்கள் அண்ணே என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். "இன்னாத்துக்கு? அச்சாயி போயிடுச்சில்ல" என்று விடுவார். மனுஷன் கெட்டவர் இல்லை. சோம்பேறி, அவ்வளவுதான். அந்தச் சோம்பல் ஒருநாள் யார் தலையில் விடியும் என்று எங்கள் யாருக்குமே தெரியவில்லை.

ஒரு வெயில் காலத்து முற்பகலில் அந்தப் பெண் வந்தாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் வந்திருந்தாள். கூடவே மூன்று மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை, தலை நிறைய எண்ணெய். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவள் புருஷன் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு வண்டியில் போகும்போது வேன் மோதி இறந்துபோனான். அவனுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் செய்தேன். அப்போது இந்தக் குழந்தை இடுப்பில் இருந்தது.

"அக்கா, நாளன்னிக்கு ரெண்டாம் வருசம். சின்னதா நோட்டீசு ஒண்ணு, அப்பால மாட்டி வெக்கிற மாதிரி பெருசா ஒரு படம். அதே படம்தான், நீங்க போட்டீங்களே, அது."

"போட்டோ கொண்டாந்தியாம்மா?"

"போட்டோ எங்கக்கா கீது. போன மாசம் எங்க குடிச வரிசையே எரிஞ்சி பூட்ச்சில்ல. ஒரு துணி மிஞ்சல. அதான் உங்க கம்ப்யூட்டர்ல கீதேன்னு வந்தேன்."

அவர்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, போட்டோ எடுக்கவில்லை. அவன் இருந்த ஒரே படம் சிநேகிதன் கல்யாணத்தில் ஓரமாக நின்று எடுத்தது. அதிலிருந்துதான் அவன் முகத்தை மட்டும் வெட்டிப் போஸ்டரில் வைத்திருந்தோம். அந்தச் சிநேகிதன் வீடும் அதே வரிசைதான். அவன் ஆல்பமும் போச்சு, இவள் புருஷனின் ஓட்டு அட்டையும் போச்சு, மிச்சமிருந்த போஸ்டர்களும் போச்சு.

"இத்துக்கு அவங்கப்பன் மூஞ்சியே தெரியாதுக்கா" என்று குழந்தையின் தலையைத் தொட்டாள். "தெனம் கேக்குது. எப்டி இருப்பாருன்னு கேக்குது. நான் இன்னான்னு சொல்றது, வாயால சொன்னா மூஞ்சி வருமா?"

"உக்காரு, எடுத்துத் தரேன்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிக்கொண்டே பழைய போஸ்டர் ஃபைலைத் திறந்தேன்.

திறந்தது. கறுப்புக் கட்டம், மேலே இரண்டு விளக்கு, ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே அவன் பெயர். நடுவில் சட்டத்துக்குள் மூக்குக்கண்ணாடி போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம் பணி ஓய்வுப் பாராட்டு விழாவுக்காக முதலாளி ஸ்கேன் செய்த தலைமை ஆசிரியர்.

 என்ன நடந்திருக்கிறது என்று புரிய ஒரு நொடி ஆகவில்லை. பேஜ்மேக்கர் அந்த விலாசத்துக்குப் போய் ‘போட்டோ ஒன்று’ இருக்கிறதா என்று பார்த்திருக்கிறது. இருந்திருக்கிறது. நீ யார் என்று கேட்கிற புத்தியெல்லாம் அதற்குக் கிடையாது. புதுசாக இருந்ததைத் தூக்கிவந்து பழைய ஆள் இடத்தில் உட்கார வைத்துவிட்டது.

குழந்தை மேஜை விளிம்பைப் பிடித்து எக்கிப் பார்த்து, "இதாம்மா அப்பா?" என்றது.

 அந்தப் பெண் திரையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "யாருக்கா இவுரு?" என்றாள், ரொம்ப மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. 

குழந்தையின் குரல் கேட்டு முதலாளி எழுந்து வந்தார். பார்த்ததும் அவருக்கும் முகம் செத்துப்போனது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சரி சரி, சேவ் பண்ணி மூடும்மா, பொறுமையா பாப்போம்" என்று கீபோர்டுக்குக் கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்க" என்று கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியிடம் அப்படி நான் பேசியதே இல்லை. "சேவ் பண்ணினா அந்த ஆளு ஒரேடியா போயிடுவாரு அண்ணே. இவரு நெரந்தரமா உக்காந்துடுவாரு. நகருங்க."

அந்த மங்கல் நகல் இருக்கிறதே, பழைய முகத்தின் நகல், அது இன்னும் டிஸ்கில் இருக்கும் ஃபைலுக்குள்தான் இருக்க வேண்டும். இப்போது சேவ் செய்தால் அதன்மேல் தலைமை ஆசிரியர் ஏறிவிடுவார். ஆனால் பக்கத்தைத் திருப்பினால்கூடத் தனக்குத்தானே கொஞ்சம் சேவ் செய்துகொள்கிற வழக்கம் பேஜ்மேக்கருக்கு உண்டு. மூடினாலும் பயம், தொட்டாலும் பயம். மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். மூச்சு விட்டால்கூட சேவ் ஆகிவிடுமோ என்றிருந்தது. என்ன செய்வது, யாரைக் கேட்பது, இந்த ஊரில் இதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? குனிந்து மேஜைக்கு அடியில் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"அய்யய்யோ, மிசினு போயிடும்மா" என்றார் முதலாளி.

"போவட்டும்."

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டு, எதையும் திறப்பதற்கு முன்னால் அந்த ஃபைலை இரண்டு ஃப்ளாப்பியில் நகல் எடுத்தேன். பிறகு போட்டோக்கள் இருக்கிற ஃபோல்டரின் பெயரையே மாற்றினேன். விலாசத்துக்குப் போனால் அங்கே வீடே இருக்கக் கூடாது. தலைமை ஆசிரியரைக் கண்டுபிடிக்க முடியாமல் அது தவிக்க வேண்டும். அப்போதுதான் தன்னிடம் இருக்கிற பழைய நகலைக் காட்டும். காட்டும் என்று நினைத்தேன், நிச்சயமில்லை. எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு ஃப்ளாப்பியிலிருந்த நகலைத் திறந்தேன். படத்தைக் காணோம், எங்கே இருக்கிறது என்று பெட்டி போட்டுக் கேட்டது. தேடாதே, விட்டுவிடு என்று அழுத்தினேன்.

அவன் வந்தான். சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு.

"தோ, இதான், இவருதான்" என்று அந்தப் பெண் திரையைத் தொட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது.

அந்தச் சந்தோஷம் பிரிண்டர் வரைக்கும்தான். மாட்டி வைக்கிற அளவுக்குப் பெரிசாக்கி ஒரு தாள் எடுத்தேன். வெளியே வந்தது முகமே இல்லை. தரையில் பதிக்கிற ஓடு போல வரிசையாகச் சதுரம், கறுப்பில் கொஞ்சம், சாம்பலில் கொஞ்சம். அது திரையில் பார்ப்பதற்கு வைத்திருக்கிற நகல்தானே, அச்சடிப்பதற்கு இல்லை. அவள் தாளை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கண்ணு எங்கக்கா?" என்றாள்.

போட்டோ திருத்துகிற சாப்ட்வேரில் போட்டுச் சதுரங்களைத் தேய்த்துப் பார்த்தேன், மாவு மாதிரி ஆனது. மூக்கை வரைந்து பார்த்தேன், வேறு யாரோ வந்தார்கள். அழித்தேன். சின்னதாகவே எடுத்துக் கொடுத்தால் முகம் தெரிந்தது, ஆனால் ஸ்டாம்பு அளவுக்கு. "இத்த எங்க மாட்றது, கொழந்தைக்கு எப்டி காட்றது" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

அவர்களை உட்கார வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போஸ்டர் அச்சடித்த பிரஸ்ஸுக்கு ஓடினேன். போஸ்டரைப் பிரிண்ட் எடுத்து நாங்கள் கொடுத்த டிரேஸிங் ஷீட் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ரெண்டு வருசத்து ஷீட்டா? இன்னா காமெடி பண்றியா, அதெல்லாம் அன்னிக்கே குப்பைக்குப் போயிடும்" என்றார்கள். அந்தச் சிநேகிதன் கல்யாணத்தைப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரருக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் போட்டேன். பழைய நெகட்டிவ் எல்லாம் கரையான் அரித்துத் தூக்கிப்போட்டாயிற்று என்றார். பூத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்து வெயிலில் நடக்கும்போது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த உலகத்தில் அந்த மனுஷன் முகம் என்று மிச்சம் இருப்பதே அந்தச் சதுரங்கள்தான். ஒரு கேள்விக்கு ஆமாம் என்று கொடுத்திருந்தால் அந்த முகம் முழுசாக இருந்திருக்கும். வேண்டாம் என்று அழுத்திய இந்தக் கையை வைத்துக்கொண்டு போய் அவளிடம் என்ன சொல்வது? திரும்பிப் போகவே கால் வரவில்லை.

தெருமுனை டீக்கடை அருகில் வந்து கடைப்பக்கம் பார்த்தேன். எங்கள் கண்ணாடிக் கதவிலிருந்து ஒருத்தன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நின்றுவிட்டேன். அவன்தான். தலை ஒருபக்கம் சாய்ந்து, அடர்ந்த மீசை, யாரோ ஏதோ சொன்னதைக் கேட்டுச் சிரிக்கப்போகிற மாதிரி உதடு, இரண்டு கண். எல்லாம் இருந்தது. பெரிசாகப் பிரிண்ட் எடுத்த அந்தத் தாளை, வெளிச்சத்தில் பார்த்தாலாவது தெரியுமா என்று முதலாளி கதவின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறார். கிட்டே நடந்து போனேன், சதுரங்களாக உடைந்தான். பின்னால் வந்தேன், முகம் சேர்ந்தது. பைத்தியம் மாதிரி முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் வந்தேன். "இங்க நில்லு. இப்ப திரும்பிப் பாரு."

அவள் திரும்பினாள்.  முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அம்மாவையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தது.

"தோ பாரு, அப்பா" என்றாள் அவள்.

குழந்தை பார்த்தது. சிரித்தது. அவ்வளவுதான், கையை நீட்டிக்கொண்டு கதவை நோக்கி ஒரே ஓட்டம். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றது. தாளில் கை வைத்தது. கையை எடுத்துப் பார்த்தது. கதவைத் தள்ளி உள்பக்கம் எட்டிப் பார்த்தது. அங்கே முதலாளி மட்டும்தான் இருந்தார்.

"கிட்டப் போவாதடி" என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். "கிட்டப் போனா அப்பா தெரிய மாட்டாரு. இங்க வா, எங்கிட்ட வா, இங்கருந்து பாரு."

குழந்தை திரும்பி வந்தது, பார்த்தது, மறுபடியும் ஓடியது.