சிவப்பு நூலென்று நீட்டிய கை

"எங்க கடிச்சுதும்மா, ஏரில எடத்தைக் காட்டு" என்று சித்தப்பா கேட்டபோது, நான் ஏன் சரியான இடத்தைக் காட்டினேன்? ஈரப் பட்டின் வாடையும் ஏரிச் சேற்றின் வாடையும் கலந்து எங்கேயாவது மூக்கில் ஏறினால், இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்பு படித்தபோது நடந்தது. சித்தப்பா பட்டுக்குச் சாயம் தோய்ப்பவர். தோய்த்த நூற்கட்டுகளை, அதாவது கழிகளை, ஓரிக்கை என்ற ஊருக்கு அப்பால் இருந்த ஓர் ஏரியில் அலசுவார். விடுமுறை நாட்களில் அவற்றை மூங்கிலில் உலர்த்துவது என் வேலை. ஒரு கழி தவறிப்போனால் மறுபடி தோய்ப்பது அதே நிறத்தில் அமையாது, புடவையில் பட்டை விழும் என்று அவர் சொல்லிச் சொல்லி, தண்ணீரில் ஓர் இழை மிதந்தாலும் பாய்ந்து எடுப்பேன். அன்றைக்குத் தோய்த்தது "மிளகாய்ப்பழச் சிவப்பு". கோரைப்புல் ஓரம் ஏறக்குறைய அதே நிறத்தில் ஒரு கொத்து மெல்ல அசைந்தது. கழி நழுவிவிட்டதென்று கையை விட்டேன். கொத்து கலைந்து விலக, அடியிலிருந்து கறுப்பாக எழும்பிய ஒன்று என் விரலைக் கவ்வி உதறிவிட்டுப் போனது.

சித்தப்பா துண்டைக் கிழித்துக் கட்டினார். கடித்தது விரால், சிவப்பாகத் தெரிந்தது அதன் குஞ்சுக் கூட்டம், அதைக் காவல் காக்கிறது என்றார். "மீன் குஞ்சைப் போயி நூலுன்னு புட்ச்சியே, நீ நம்ம வூட்டுப் பொண்ணுதாம்மா" என்று சிரித்தார். அதன் பிறகுதான் இடத்தைக் கேட்டார். கட்டுப் போட்ட விரலாலேயே காட்டினேன்.

மறுநாள் காலை தூண்டிலில் ஒரு சிறு தவளையைக் கோத்து, குஞ்சுகளின் மேலேயே ஆட்டினார். "பசிக்கு வராதும்மா. குஞ்சாண்ட எது வந்தாலும் அடிக்க வரும். தாயும் தகப்பனும் ரெண்டுமே காவல் இருக்கும், ஒண்ணு மாட்டுனா இன்னொண்ணு அங்கியேதான் சுத்திக்கினு இருக்கும்" என்றார். அவர் சொன்னபடியே இரண்டும் மாட்டின. விரால் தின்றால் புண் சீக்கிரம் ஆறும் என்று அம்மா நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். நான் சாப்பிட்டேன்; ருசியாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள் போனபோது அந்தச் சிவப்பு ஓர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அடியிலிருந்து கெளுத்தி மீன்கள் வந்து வந்து குஞ்சுகளைக் கவ்விப் போயின. அதற்கும் மறுநாள் அங்கே வெறும் தண்ணீர். உலர்த்திய கழிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இன்று அந்தக் கரையில் வீடுகள். மிச்சமிருக்கிற குட்டையில் யாரோ கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி தவிர வேறொன்றும் இல்லை என்கிறார்கள். என் விரலில் தழும்பு மட்டும் இருக்கிறது. ஐந்து வயது மகள் அதைத் தடவி, கதை கேட்டாள். அம்மா மீன் தன் பாப்பாக்களைக் காப்பாற்றக் கடித்தது என்று பாதிவரை சொன்னேன். "அப்புறம் அந்த அம்மா மீன் எங்கம்மா போச்சு?" என்றாள். பாப்பாக்களைக் கூட்டிக்கொண்டு நீந்திப் போய்விட்டது என்றேன். அதை அப்படியே படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். எல்லாக் குஞ்சுகளுக்கும் சிவப்பு.

பொய் சொன்னது சரிதானா, உண்மையைச் சொன்னால் என் கையைப் பிடிக்கத் தயங்குவாளா என்று மாற்றி மாற்றி யோசிக்கிறேன். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள்: மீதிக் கதையை எந்த வயதில் சொல்லலாம்? அந்தப் படம் அதுவரை சுவரிலேயே இருக்கலாமா?