அக்கா சொன்ன சாட்சி

போன மாதம் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், யார் கையிலிருந்தோ டிபன் கேரியர் நழுவி விழுந்தது. அவ்வளவுதான். நாற்பத்து மூன்று வயதுக்காரி, ஒரு பிரிவுக்கே மேலாளர், மேசைக்கு அடியில் குந்தியிருந்தேன். எப்படிப் போனேனென்று எனக்கே தெரியாது. "பேனா விழுந்துடுச்சு" என்று சமாளித்தபடி எழுந்தேன். கையில் பேனா இல்லை.

கொரட்டூரில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தினமும் பயந்து வளர்ற குழந்தையோட மூளை எப்பவும் உஷாராவே இருக்கப் பழகிடும் மேடம். ஆபத்து போய் முப்பது வருஷம் ஆனாலும் அந்தப் பழக்கம் லேசுல போகாது. இதுல உங்க தப்பு எதுவும் இல்ல." அந்தக் கடைசி வரிக்கு, வெட்கமில்லாமல் அழுதேன்.

நான் வளர்ந்தது ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில். சாயங்காலச் சங்கு ஊதினால் மற்ற வீடுகளில் காபி மணக்கும். எங்கள் வீட்டில் அம்மா ரேடியோவை அணைப்பாள். சைக்கிளுக்கு அப்பா ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே எனக்கும் அக்காவுக்கும் விஷயம் தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் வீட்டுப்பாடம் எழுதலாம். ஓங்கி உதைத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவோம். என்னைவிட மூன்று வயது பெரியவள் அக்கா. நான் விசும்புவது வெளியே கேட்காமலிருக்க உள்ளங்கையால் என் வாயைப் பொத்துவாள். அதில் பச்சை மாங்காய் வாசனை அடிக்கும். மாங்காய்ப் பைத்தியம் அவள்.

ஒருநாள் எனக்கு ஒளிய நேரமில்லை. அப்பா வீசிய டிபன் கேரியர் என் புருவத்தைக் கிழித்தது. மறுநாள் பள்ளியில் மிஸ் விசாரித்தபோது, ஒன்பது வயசு தைரியம், உள்ளதைச் சொல்லிவிட்டேன். "அக்காவைக் கேளுங்க மிஸ், அவளும் பார்த்தா."

அக்காவைக் கூப்பிட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இல்ல மிஸ், குழாயடில வழுக்கி வுழுந்தா. இவ எப்பவும் கதை வுடுவா."

அதோடு விட்டாளா? நான் மிஸ்ஸிடம் சொன்னதை அப்பாவிடமும் போய்ச் சொன்னாள். அன்றைக்கு நான் அடி வாங்கும்போது அவள் பக்கத்தறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வயதுக் குழந்தை, பயந்திருப்பாள் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். பார்த்தவள் அவள் ஒருத்திதான். மருத்துவரைப் பார்த்த அன்றே பூந்தமல்லியில் இருக்கும் அவளுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடி உளர்ற? அப்பா நம்மள அடிச்சதே இல்ல. செத்துப்போன மனுஷனை ஏன் இழுக்குற?"

"கட்டிலுக்கு அடில என் வாயைப் பொத்துனது நீதானேக்கா?"

"குக்கர் கத்துது, வெச்சிடுறேன்" என்றாள். எனக்கு எந்தக் குக்கரும் கேட்கவில்லை.

போன ஞாயிறு ஆவடிக்குப் போனேன். எங்கள் வரிசை முழுக்க இடித்துவிட்டார்கள். ஆளுயரத்துக்கு முள்செடி. காவலாளி ஒருவர் வந்தார்.

"இன்னாம்மா வோணும்?"

"இங்கதான் எங்க வீடு இருந்துச்சு."

"இங்க ஊடு எதுவும் இல்லியேம்மா. நான் வேலைக்கு வந்ததுலேந்து இப்டிதான் கீது."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.