தீவை வெட்டாத ஷாரோன்

ஷாரோனுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. முட்டுக்காட்டைத் தாண்டி இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தவர் யாரும் இல்லை.

செய்யூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் டவுன் பஸ் ஊருக்குள்ளேயே திரும்பிவிடும். காலனிக்காரர்கள் மிச்சத்தை நடக்க வேண்டும். ஒருநாள் ஷாரோன் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. "போர்டுல காலனின்னு போட்டுக்கீது. அங்க உடு, எறங்கறேன்" என்றாளாம். கண்டக்டர் கத்தினார், டிரைவர் இன்ஜினை அணைத்தார். இவள் அசையவில்லை. கடைசியில் பஸ் காலனிக்குப் போனது. மறுநாளும் போனது.

இப்போது அவள் பார்ப்பது செயற்கைக்கோள் ரேடார் எடுக்கும் கடல் படங்கள். மேகம் மூடினாலும் அதில் அலைகள் வரிவரியாகத் தெரியும். தெற்கிலிருந்து வரும் அலை நிக்கோபார் பக்கத்துக் குட்டித் தீவொன்றில் மோதி, இரண்டு பக்கமும் வளைந்து போகிறது. தீவுக்குப் பின்னால் கடல் அடங்கிக் கிடக்கிறது. அந்த அடக்கம் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

வழிகாட்டி சுப்புராமன் சாருக்கு ஒரு பழக்கம். ரேடாரில் தரை பளீரென்று அடித்துப் பக்கத்துக் கடலையும் கெடுக்கும் என்று, தரையோடு சேர்த்துக் கடலையும் அகலமாக வெட்டிவிட்டுத்தான் கணக்குப் போடுவார். நீளமான கரைக்கு அது சரி. இந்தத் தீவுக்கு அப்படி வெட்டினால் அடங்கிய கடல் மொத்தமும் போய்விடும்.

"வெட்டிட்டுக் கொண்டாம்மா, கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா பட்டம் கிடையாது."

"தீவ வெட்டிட்டா, அது அலைய இன்னா பண்ணுதுன்னு எப்டி சார் சொல்றது? கெட்டுப்போன எடத்த மட்டும் பாத்து பாத்து எடுக்கறேன். மத்தத தொடமாட்டேன்."

மழைக்காலம் முழுக்க அதையே செய்தாள். நேற்று ஆய்வுக்குழு முன்னால் முதலில் வெட்டிய படத்தைப் போட்டாள். "இது சார் கேட்டது. நடுவுல ஓட்டைதான் கீது." அடுத்து முழுப் படம். தீவுக்குப் பின்னால் அடங்கிய கடல் நீளமாகக் கிடந்தது. எல்லோரும் பார்த்தார்கள். சுப்புராமன் சார் மட்டும் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்துபோனார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவள் அம்மா பாப்பா, பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்கும்படி, போனில் புலம்பினார். "அவுரு சொல்றத கேட்டுக்கினு போயேன்டி. இத்தினி வருசம் படிச்சது வீணா பூடுமே."

"யம்மா, அன்னிக்கி பஸ்ஸ வுட்டு எறங்கனனா?"

பாப்பா சிரித்துவிட்டார். "எறங்கல."

"இப்பவும் எறங்கமாட்டேன்."