பிணை நின்றவர் கட்டிய பெட்டி

கொழும்பில் மூன்று நாள் கூட்டம், ஹோட்டலில்தான் தங்க வேண்டும், பேச்சையெல்லாம் பதிவு செய்து தட்டச்சும் செய்து கொடுக்க வேண்டும் என்று நான் வேலை செய்த கந்தோரில் சொன்னபோது என் மனம் கூட்டத்துக்குப் போகவில்லை. பாஸ் கிடைக்கும் என்பதுதான் முதலில் மண்டையில் ஏறியது.

அது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் போன மூன்றாவது வருடம். குடாநாட்டை விட்டு வெளியே போவதற்கு அதை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் வாங்க வேண்டும். என் வயதுப் பொடியன்களுக்கு அது லேசில் கிடையாது. கந்தோர் அலுவலாகப் போய்வருகிறேன் என்று கடிதம் காட்டினால் தருவார்கள். அதற்கும் குடும்பத்தில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவன் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு என்ன செய்வார்கள் என்பதில் ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. பங்கர் வெட்ட விடுவார்கள் என்றார்கள், மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள் என்றார்கள். அப்படிப் போய் வந்தவர்கள் வாய் திறப்பதில்லை. அதனால் கதைகள் இன்னும் வளர்ந்தன.

அம்மாவும் அப்பாவும் இல்லை. நான் அளவெட்டியில் அக்கா வீட்டில் இருந்தேன். பிணை நிற்க அக்காவின் புருஷனை, அதாவது அத்தானை, விட்டால் வேறு ஆள் கிடையாது. அத்தான் தோட்டக்காரர். வெங்காயம் போடுவார், மிளகாய் போடுவார், தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். நான் கேட்டதும், "எப்ப திரும்பி வரவேணுமாம்?" என்றார். நாளைச் சொன்னேன். "சரி, கையெழுத்து வைப்பம்" என்றார். அவ்வளவுதான்.

கனடாவில் இருந்த அண்ணை கொழும்பில் ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்து, என்னை அங்கே கூப்பிட எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார். நான் கொழும்புக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கடித விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கூட்டத்துக்குப் போனால் நான் திரும்பி வருவேனா என்பதை மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வருவேன் என்று சத்தியம் செய்திருப்பேன். அது பொய்யாகவும் இருந்திருக்கும்.

போவதற்கு முதல் நாள் பின்னேரம் சாமான்களைப் பாயில் பரப்பினேன். ரேப் ரெக்கோடர், இரண்டு மைக், கசெற்றுகள், ஒரு பை நிறைய வயர், பிறகு அந்தக் கொம்பியூட்டர். அதை மடியில் வைத்து வேலை செய்யலாம் என்று கந்தோரில் பெருமையாகச் சொல்லித் தந்திருந்தார்கள். வைத்துப் பார்த்தேன், கால் விறைத்துப்போனது. இதையெல்லாம் கிளாலியில் வள்ளம் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். பிறகு லொறியில் குலுங்கி வவுனியா. அங்கே இராணுவம் கொட்டிக் கிளறும். அதற்குப் பிறகுதான் ரயில்.

அத்தான் கதவடியில் நின்று பார்த்தார். "உதுகளை உப்பிடியே கொண்டுபோனால் தூளாய்த்தான் போய்ச் சேரும்" என்றுவிட்டுக் கொட்டிலுக்குள் போனார். பெற்றோல் இல்லாமல் நின்ற தன் மோட்டார் சைக்கிளின் சீற்றைக் கழற்றிக்கொண்டு வந்து, என் கண் முன்னாலேயே கிழித்து, உள்ளே இருந்த ஸ்பொஞ்சை உரித்தார். அந்த மோட்டார் சைக்கிளின் பற்றரி ஏற்கெனவே றேடியோவுக்குப் போயிருந்தது. இப்போது சீற்றும் போனது.

"ஏன் அத்தான் கிழிக்கிறியள்? பிறகு ஓட வேண்டாமோ?"

"பெற்றோல் வரட்டும். சீற் தானாய் வரும்."

பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் ஸ்பொஞ்சை வெட்டி வெட்டி அடுக்கினார். ஒவ்வொரு சாமானையும் வைத்ததும் பெட்டியைத் தூக்கி ஆட்டுவார். உள்ளே சத்தம் வந்தால் எடுத்து மறுபடி வெட்டுவார். எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு அக்கறையை யார் கேட்டது? கொஞ்சம் கடுகடுப்பாக இருந்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து முன்வீட்டு மாமி கொழும்பில் தபாலில் போடச் சொல்லி ஒரு கட்டுக் கடிதத்தோடு வந்தா. கடிதத்தைத் தந்துவிட்டுப் போக வேண்டியதுதானே. என் உடுப்புப் பையையும் பெட்டியையும் எட்டிப் பார்த்தா.

"என்ன தம்பி, சுவெற்றர் வைக்கேல்லையோ?"

எங்கள் வெயிலுக்குச் சுவெற்றர் எதற்கு? கொழும்பு போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளிர் நாட்டுக்குப் போனவர்கள் ஊரில் நிறையப் பேர். அதனால் யாராவது பயணம் வெளிக்கிட்டால் ஊர் பையைத்தான் பார்க்கும். சுவெற்றர் இருந்தால் ஆள் வராது. பிறப்புப் பத்திரமும் படித்த சேர்ட்டிபிக்கேற்றுகளும் இருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. மூன்று நாள் கூட்டத்துக்குப் போகிறவனுக்கு அவை எதற்கு? மாமிக்கு நான் ஏதோ பகிடியாகப் பதில் சொன்னேன். அத்தான் சிரிக்கவில்லை, ஸ்பொஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட, அத்தான் எழும்பிப் போனார். நான் அலுமாரியில் இருந்து பத்திரக் கவரை எடுத்து, கொம்பியூட்டரையும் அதன் கீழிருந்த ஸ்பொஞ்சையும் தூக்கி, பெட்டியின் அடியில் வைத்தேன். அந்த மனிதர் தன் சீற்றைக் கிழித்து மெத்தை போட்ட பெட்டிக்குள், அவரை மாட்டிவிடப் போகிற சாமானை அவருடைய வீட்டிலேயே இருந்து ஒளிக்கிறேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கவரைத் திரும்ப எடுக்கவில்லை.

பெட்டி மூட மறுத்தது. மூடி ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அத்தான் வந்து பார்த்தார்.

"முந்தி மூடினதெல்லோ?"

"வயர் ஏதோ தடக்குது போலை."

"நீ போய்க் குளி. நான் பாக்கிறன்."

வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் அள்ளினேன், ஊற்றினேன், சவர்க்காரம் போட்டேனா என்று நினைவில்லை. திரும்பி வந்தபோது பெட்டி கச்சிதமாக மூடி, சைக்கிள் ரியூப்பைக் கீறிய பட்டியால் நாலு பக்கமும் கட்டியிருந்தது.

"என்னெண்டு மூடினியள்?"

"மேலை குந்தி அமத்தினன்."

நம்பினேன். நம்புவது எனக்குச் சுகமாக இருந்தது.

வவுனியாவில் இராணுவம் பெட்டியின் மேல்தட்டைக் கிளறி, கந்தோர்க் கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ஹோட்டல் அறைக்குள் போனதும் முதல் வேலையாக லைற்றைப் போட்டேன், நூர்த்தேன், மறுபடி போட்டேன். காற்றாடியைச் சுழல விட்டேன். பிறகு ரேப் ரெக்கோடரை வெளியே எடுத்தபோதுதான் என் கெட்டித்தனம் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் அதைக் கார் பற்றரியில்தான் ஓட்டுவோம். பற்றரியில் கொழுவுகிற கிளிப் பூட்டிய வயரை மறக்காமல் கொண்டுவந்திருந்தேன். சுவரில் கொழுவுகிற வயர் எங்கே என்று தேடினால், அதை எப்போதோ வெட்டி வேறு எதற்கோ பாவித்துவிட்டோம். சுவர் நிறைய மின்சாரம், என் கையில் பற்றரிக் கிளிப். உலகத்தில் கரண்ட் என்று ஒன்று இருப்பதையே மறந்து ஒருவன் சாமான் கட்டியிருக்கிறான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஹோட்டல் மின்சார வேலைக்காரர் ஒரு வயர் கொண்டுவந்து தந்தார்.

கொம்பியூட்டரைத் தூக்கினேன். அடியில் இருந்த ஸ்பொஞ்ச் பாதிக் கனத்துக்குச் சீவப்பட்டிருந்தது. அதன் கீழே என் பத்திரக் கவர். நான் வைத்த மாதிரி இல்லை. உரப்பைக்குள் இருக்கும் பொலித்தீனை வெட்டி, இரண்டு மடிப்பாகச் சுற்றி, இரண்டு முனையிலும் ரியூப் றப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தது.

நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். அவர் கண்டுவிட்டார். கண்டும் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை மிதிசைக்கிள் கரியரில் வைத்துச் சந்திவரை உருட்டிவந்து என்னை ஏற்றிவிட்டார். 'எனக்குத் தெரியும், எண்டாலும் உன்னை நம்புறன்' என்று அந்தப் பொலித்தீன் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இந்த அளவுக்கு நொந்திருக்காது.

கூட்டத்தில் வடக்கின் கஷ்டங்களைப் பற்றித்தான் பேசினார்கள். மண்ணெண்ணெய் விலை, மருந்து இல்லாத ஆஸ்பத்திரி, இருட்டில் படிக்கும் பிள்ளைகள். எல்லாவற்றையும் பதிவு செய்தேன். மத்தியானம் அதே ஆட்களோடு வரிசையில் நின்று கோழியும் ஐஸ்கிறீமும் போட்டுக்கொண்டு வந்து சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததற்காகவும் வெட்கப்பட்டேன்.

இரண்டாம் நாள் அண்ணை ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்கிறேன்.

"பேப்பர் எல்லாம் கொண்டுவந்தனியே?"

"ஓம்."

"அப்ப இனிக் கதையில்லை. நாளைக்கு ஏஜென்சிக்காரன் வருவான், அவனோடை போ."

"அத்தான் பிணை நிண்டவர் அண்ணை."

அண்ணை, "கொஞ்ச நாள் வைச்சிருந்திட்டு விட்டிடுவாங்கள். நீ திரும்பி அங்கை போனால் உன்ரை உயிருக்கு ஆர் பிணை?" என்றார். பொம்மர் அடியையும் செல்லடியையும் நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். தப்பில்லை. எனக்கு மட்டும் உயிர் மேல் ஆசை இல்லையா? ஆனால் கண்ணை மூடினால் அத்தான் பெட்டியைத் தூக்கி ஆட்டிச் சத்தம் பார்ப்பதுதான் தெரிந்தது. ஏஜென்சிக்காரன் வந்தபோது நான் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. என்னைப் பற்றி எனக்கே ஒரு மதிப்பு வந்தது. திரும்பிப் போகும் ரயிலில் அந்த மதிப்போடுதான் இருந்தேன்.

குறித்த நாளில், வெயில் ஏற முன்னம், வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீடு பூட்டியிருந்தது. முற்றத்தில் அக்காவின் பிள்ளைகளின் சத்தம் இல்லை. நாள் முடிய முதலே கூப்பிட்டுவிட்டார்களா? முன்வீட்டு மாமி படலையடிக்கு ஓடிவந்து என்னை மேலும் கீழும் பார்த்தா.

"தம்பி, நீ வந்திட்டியோ?"

"அத்தான் எங்கை மாமி?"

"தோட்டத்திலை. அக்காவையும் பிள்ளையளையும் நேற்றுக் கொண்டுபோய்ச் சாவகச்சேரியிலை தன்ரை தமக்கை வீட்டிலை விட்டிட்டார். தன்னைக் கூட்டிக்கொண்டு போறதைப் பிள்ளையள் பாக்கக் கூடாதாம்."

பெட்டியைப் படலையடியில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தேன். இன்னும் மூன்று வாரம் நிலத்தில் நிற்க வேண்டிய வெங்காயம். அத்தான் முக்கால்வாசியைக் கிண்டிக் குவித்திருந்தார். முற்றாத வெங்காயம், விரல் நுனி அளவு. அவர் இல்லாமல் தண்ணீர் இறைக்க ஆளில்லை, நிலத்தில் விட்டால் காய்ந்துபோகும் என்று கிண்டியிருக்கிறார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். அந்த முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை.

"ஏன் வந்தனி?"

"உங்களைப் பிடிப்பினம் எண்டு."

"அது எனக்குத் தெரியாதோ?"

"பேப்பரைப் பொலித்தீனிலை சுத்தி வைச்சிருந்தியள். என்னை நம்பி விட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன்."

அத்தான் வரம்பில் குந்தினார். கையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"வள்ளத்திலை தண்ணி அடிக்கும். நனைஞ்ச பேப்பரை அங்கை போய் ஆருக்குக் காட்டுறது? அதுக்குத்தான் சுத்தினனான்."

நான் குவியலில் இருந்து ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தேன்.

"நீ வரமாட்டாய் எண்டுதான் பிணை நிண்டனான். திரும்பி வாறவனுக்கு ஏன்ரா பிணை?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். பிறகு எழும்பி, நிலத்தில் மிச்சம் நின்ற வெங்காயத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிவிடப் போனார். பிள்ளைகளைப் பிரிந்து, பயிரை அழித்து, என்ன வந்தாலும் வரட்டும் என்று அந்த மனிதர் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தார். எல்லாம் நான் போக வேண்டும் என்பதற்காக. நான் வந்து அவ்வளவையும் வீணாக்கிவிட்டேன். அவருக்காகத் திரும்பி வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கனடாவில் இருந்துகொண்டு அவரை நினைக்கப் பயந்து, என் நெஞ்சு லேசாக இருக்க வேண்டும் என்றுதான் வந்தேன். அது அந்த வரம்பில் நின்றபோது நன்றாகத் தெரிந்தது.

அன்று பின்னேரமே அக்கா பிள்ளைகளோடு வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எதற்காக அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அத்தானோடு பாஸ் கந்தோருக்குப் போய், திரும்பி வந்துவிட்டேன் என்று அறிவித்தேன். அங்கே இருந்தவர் அத்தானின் பெயரைத் தேடிப் பிடித்துக் கோடு போட்டு வெட்டினார்.

"சொன்ன நாளிலை வந்திட்டீர். இப்ப உப்பிடி ஆர் வாறாங்கள்? நல்ல பிள்ளை."

"ஓம்" என்றேன். வெளியே அத்தான் சைக்கிளைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் பின்னால் கரியரில் ஏறி இருந்தேன்.