ஆறு கிழமை ஊசி

தங்கச்சிக்கு அப்போது ஏழு மாதம். பிறக்கும்போதே அவள் இதயத்தில் சின்ன ஓட்டை இருந்தது. இரண்டு கிழமை, பதினாலு நாள், விடாத காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இதயத்துக்குள் கிருமி பிடித்திருக்கிறது என்றார்கள். தலை நரம்பில் ஊசி ஏற்றி மருந்து விட்டார்கள். மொட்டையடித்த அந்தத் தலையைப் பார்க்கவே எனக்குப் பயம்.

அம்மா வார்ட்டிலேயே தங்கிவிட்டார். தோட்டத்து லயத்து வீட்டில் நானும் அப்பாவும்தான். விடியும் முன்பே அப்பா ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். நான் தனியாக எழுந்து, தனியாகத் தேத்தண்ணி குடித்துப் பள்ளிக்கூடம் போவேன். அப்பாவும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

எட்டாம் நாள் நானும் அப்பாவும் பார்க்கப் போனபோது காய்ச்சல் விட்டிருந்தது. தங்கச்சி என் விரலைப் பிடித்துச் சிரித்தாள். அப்போது டாக்டர் வந்தார். டாக்டர்மார் பேசும் சிங்களம் தனக்குப் பிடிபடாது என்பார் அப்பா. நான் சிங்களப் பையன்களோடு ஆற்றில் குளித்து வளர்ந்தவன்.

"வாங்க கிளாக்கரையா, மாத்தயா என்னா சொல்றாருன்னு கேளுங்க" என்று, தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரைக் கூப்பிடுவதுபோல் கேலியாகச் சொல்லி அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். காய்ச்சல் விட்டாலும் கிருமி சாகவில்லை. மொத்தம் ஆறு கிழமை ஊசி போட வேண்டும். இடையில் நிறுத்தினால் பிள்ளை பிழைக்காது.

இன்னும் ஐந்து கிழமை! அதுவரை அம்மா வீட்டுக்கு வரமாட்டார்.

"காய்ச்சல் போயிருச்சாம். வீட்டுக்குக் கொண்டு போகலாமாம்" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு அம்மாவிடம், "துணிய எடு புள்ள" என்றார்.

அம்மா சந்தோஷமாக, ஊசி போடும் நர்ஸ் மிஸ்ஸியிடம் போய், தலையிலிருந்த ஊசியைக் கழற்றும்படி சைகை காட்டினார். மிஸ்ஸி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. டாக்டர் திரும்பி வந்து, யார் போகச் சொன்னது என்று கத்தினார். என் கால்சட்டை நனைந்துவிட்டது.

"என்னாடா கேக்குறாரு? சொல்லுடா!" அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நான் பொய் சொன்னேம்மா. இன்னும் அஞ்சு கிழமை ஊசி போடணும். இல்லாட்டி பாப்பா செத்துருமாம்."

அம்மா என்னை அடிக்கவில்லை. தங்கச்சியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு கிழமையும் முடித்துத்தான் தங்கச்சி பிழைத்து, அம்மாவோடு வீடு வந்தாள்.

பொய் பிடிபட்ட அன்று திரும்பும்போது, அப்பாவிடம் அடி நிச்சயம் என்று பஸ்ஸில் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். எங்கள் டவுனான புளத்கொகுபிட்டியவில் இறங்கி, பேக்கரிக் கடையில் எனக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். பிள்ளைக்கு எப்படி என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். அப்பாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்: காய்ச்சல் விட்டாலும் கிருமி சாகவில்லை.

டாக்டர் சொன்ன அதே வார்த்தைகள். அதை நான் அவருக்குத் தமிழில் சொல்லவே இல்லை. அடி விழாத நிம்மதியில் பணிஸைத் தின்றுகொண்டிருந்த எனக்கு, அப்பாவுக்கு வார்ட்டிலேயே எல்லாம் புரிந்திருந்தது என்பது அன்று உறைக்கவில்லை.