பன்னிரண்டில் விழும் கை

யாங்கோனில் மின்சாரம் போனால் யாரும் முணுமுணுப்பதில்லை. திரும்பி வரும்போதுதான் தெருவே "மீ லாபி!" என்று கூவும். தின்கன்ஜூன் பகுதியில் நான் வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜெனரேட்டரை வைத்துப் பதிவு நடக்கும்போது அந்தக் கூவல் பாட்டுக்குள் புகுந்துவிடும். அதை வெட்டி எடுப்பது என் வேலை. நாகர்கோவில் பாலிடெக்னிக்கில் படித்து இங்கே வந்த எனக்கு ஒலி இரண்டே வகை: வேண்டியது, வேண்டாதது.

சென்ற மழைக்காலத்தில் மார்த்தா என்ற ஸ்பானிய ஆசிரியை ஒரு பழைய கேசட்டோடு வந்தார். மறுநாள் மாலை ஒரு ஹோட்டலில் அவர் ஃபிளமெங்கோ ஆட வேண்டும். கிதார்காரரால் வர முடியாமல் போய்விட்டது. கேசட்டில் இருந்தது மார்த்தாவின் காலமான அம்மா பாடிய பாட்டு. அதை ஒலிக்கவிட்டு ஆடுவதற்காக இரைச்சலை நீக்கித் தரச் சொன்னார்.

ஃபிளமெங்கோ எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் முதலாளி ஸ்டீபன் அண்ணன் யாங்கோனிலேயே பிறந்த தமிழர். ஃபிளமெங்கோ வாடை வீசும் வெளிநாட்டு மெட்டுகளுக்குப் பர்மியச் சொற்கள் போட்டு அவர் விற்கும் பாட்டுகளைக் கலவை செய்வது நான்தான். படபடக்கும் கிதார், நான்கு எண்ணிக்கை டிரம், உடனே மனதில் ஒட்டும் பல்லவி, நான்கு நிமிடத்தில் முடிவு. இந்தப் பட்டியலை வைத்தே அந்த அம்மாவின் பாட்டையும் திருத்தினேன். கைதட்டல், காலடி, நடுநடுவே யாரோ உற்சாகமாகக் கூவிய "ஓலே" எல்லாவற்றையும் எடுத்தேன். பன்னிரண்டாகச் சுழன்ற தாளத்தின் அடியில் நான்கு எண்ணிக்கை டிரம் வைத்தேன். பன்னிரண்டை நான்கால் வகுத்தால் மீதி வராது. அதனால் சந்தேகமும் வரவில்லை.

காலையில் மார்த்தா வந்து பாட்டைக் கேட்டார். ஆட எழுந்த அவர் கால் நடுவிலேயே நின்றுவிட்டது.

"அப்பா எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

நான் வாசலைப் பார்த்தேன். "உங்களோடு யாரும் வரவில்லையே?"

"பாட்டில். கைதட்டியது, 'ஓலே' என்றது எல்லாம் அவர்தான்."

ஸ்டீபன் அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தங்கச்சி, வீட்டப் பெருக்கச் சொன்னா வீட்டுக்காரரையே பெருக்கித் தள்ளிட்டீங்களே!" என் முகத்தைப் பார்த்ததும், "யாபாதே, பரவாயில்ல, கேசட்டு பத்திரமா இருக்குல்ல?" என்றார்.

பத்திரமாகத்தான் இருந்தது. மறுபடி பதிவேற்றி, கேசட்டின் சீறலை மட்டும் குறைத்தேன். ஆனால் அப்பாவின் கை தேய்ந்துபோய் மெலிதாகக் கேட்டது.

"நீங்கள் இருவரும் கூடவே தட்டுங்கள்," என்று மார்த்தா மேஜைமேல் தட்டிக் காட்டினார். பன்னிரண்டில் அழுத்தம், பிறகு மூன்று, ஆறு, எட்டு, பத்து. பாடுபவர் அடுத்த வரியை எடுக்கும்வரை கிதார் சுற்றிச் சுற்றி வந்து காத்திருக்குமாம். "உங்கள் ஹிட் பாட்டு ஆளில்லாமலும் ஓடும். இதற்கு ஆள் வேண்டும்."

அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். பர்மிய இசையிலும் மூங்கில் தாளக்கட்டை சுற்றின் கடைசியில்தான் விழும். நானோ சர்ச் பாடகர் குழுவில் முதல் அடியைத் தொடையில் தட்டி வளர்ந்தவள். ஒவ்வொரு சுற்றிலும் என் கை பன்னிரண்டைத் தவறவிட்டு ஒன்றில் விழுந்தது.

"பஸ்ஸு போனப்புறம் கை காட்டறீங்களே!" என்றார் அண்ணன்.

மாலை ஹோட்டலிலும் முதல் இரண்டு சுற்று தவறினேன். மார்த்தா திரும்பிப் பார்க்கவில்லை. குதிகாலால் பன்னிரண்டை ஓங்கி மிதித்தார். மூன்றாம் சுற்றில் என் கை அந்தக் குதிகாலோடு சேர்ந்து விழுந்தது. கேசட்டிலிருந்து அவர் அப்பா "ஓலே" என்றார். மார்த்தா தலை நிமிர்ந்து ஆடினார்.

டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். சர்ச்சில் கீர்த்தனை தொடங்கியதும் என் கை ஓர் அடி முன்னதாகவே, சுற்றின் கடைசியிலேயே விழுந்தது. பக்கத்தில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். கையை மடியில் அடக்கிக்கொண்டேன். சேலை மறைவில் கால் பெருவிரல் மட்டும் பழையபடி தவறாமல் ஒன்றில் தட்டிக்கொண்டிருந்தது.